கோட்டினை ஒட்டி நகர்ந்த புள்ளிகள்

என் பழைய குறிப்பேடு ஒன்றில், மடக்கைத் தாளில் பென்சிலால் வரைந்த ஒரு வரைபடம் இன்னும் இருக்கிறது. கிடை அச்சில் வெப்பநிலை, 1 கெல்வினில் தொடங்கி 100 கெல்வின் வரை. நிலை அச்சில் அடர்த்தி. இரண்டுக்கும் இடையே சாய்வாக ஏறும் ஒரு நேர்கோடு. கோட்டுக்கு மேலே போனால் போஸ்–ஐன்ஸ்டைன் ஒடுக்கம், அதாவது துகள்கள் திரளாக ஒரே குவாண்டம் நிலையில் இறங்கிவிடுவது; கீழே இருந்தால் சாதாரண வாயு. டேவிட் ஸ்னோக், ஜேம்ஸ் உல்ஃப், ஆந்த்ரே மிசிரோவிச் ஆகிய மூவரும் 1987-இல் வெளியிட்ட கட்டுரையைப் படித்துவிட்டு, முதுகலை மாணவனாக இருந்த நான் எனக்குப் புரிவதற்காக வரைந்துகொண்டது அது. குப்ரஸ் ஆக்சைடு என்ற செம்புச் சேர்மத்தின் படிகத்தில் லேசர் துடிப்பால் உண்டாக்கிய எக்ஸிட்டான்கள் என்ற துகள்களின் அடர்த்தியையும் வெப்பநிலையையும் அவர்கள் கணத்துக்குக் கணம் கணக்கிட்டுப் புள்ளிகளாகக் குறித்திருந்தார்கள். அந்தப் புள்ளிகள் கோட்டின் கீழ்ப்பக்கமாக, அதைத் தொட்டும் தொடாமலும், கூடவே நகர்ந்துகொண்டிருந்தன. வெப்பநிலை கூடினால் அடர்த்தியும் அதற்கேற்பக் கூடியது, குறைந்தால் குறைந்தது, கோட்டைக் கடக்க மட்டும் இல்லை. இந்த நடத்தைக்கு அவர்கள் இட்ட பெயர் குவாண்டம் தெவிட்டல்.

வரைந்த நாளில் அந்தப் படம் எனக்குப் பெரும் பரவசத்தைத் தந்தது. பிறகு பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பரவசம் போய் ஒரு சந்தேகம் வந்தது. இயற்கை ஏன் இவ்வளவு பிடிவாதமாக ஒரு கோட்டின் ஓரமாகவே நடக்க வேண்டும்? இந்தக் கேள்வியை என்னைவிடக் கூர்மையாகக் கேட்டவர்கள் இருந்தார்கள் என்பதும், அவர்களில் ஒருவர் அந்தக் கட்டுரையின் ஆசிரியரே என்பதும் பின்னால் தெரிந்தன. எக்ஸிட்டான் ஒடுக்கத்தைக் கண்டுவிட்டோமா இல்லையா என்ற விவாதம் முழுவதையும் இங்கே எழுத இடமில்லை. குப்ரஸ் ஆக்சைடை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வேறு எந்தப் பொருளிலும் இந்த விவாதம் இத்தனை நேர்மையாக நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

குறைக்கடத்தி ஒன்றின் மீது ஒளி விழும்போது, ஓர் எலக்ட்ரான் தன் இடத்தைவிட்டு மேல் ஆற்றல் பட்டைக்குத் தாவுகிறது. அது விட்டுச்சென்ற வெற்றிடம் நேர்மின் துகள்போல் நடந்துகொள்வதால் அதைத் துளை என்கிறோம். எலக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று ஈர்த்து, ஹைட்ரஜன் அணுவைப்போல் ஒன்றைச் சுற்றி ஒன்று வரும் இணைதான் எக்ஸிட்டான். 1931-இல் யாகோவ் ஃபிரெங்கெல் முன்வைத்த கருத்து அது. எலக்ட்ரானும் துளையும் ஃபெர்மியான்கள், ஒரே நிலையில் இரண்டு இருக்க முடியாதவை; இரண்டு ஃபெர்மியான்கள் சேர்ந்து ஒன்றானதால் இந்த இணை, ஒரே நிலையில் எத்தனையும் சேரக்கூடிய போஸானைப்போல் நடந்துகொள்ளும். 1924-இல் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கட்டுரையில் தொடங்கும் அந்தப் புள்ளியியல் இதற்கும் பொருந்தும். எனவே போதுமான அடர்த்தியிலும் போதுமான குளிரிலும் எக்ஸிட்டான்கள் யாவும் ஒரே குவாண்டம் நிலையில் இறங்கிவிட வேண்டும் என்று 1962-இலேயே பிளாட், பெர், பிராண்ட் ஆகியோர் அமெரிக்காவிலும், மொஸ்கலென்கோ சோவியத் ஒன்றியத்திலும் தனித்தனியே கணித்துவிட்டார்கள். அணுக்களில் இந்த ஒடுக்கம் 1995-இல்தான் கைகூடியது. அதற்குக் கெல்வினில் கோடியில் சில பங்கு அளவுக்குக் குளிர்விக்க வேண்டியிருந்தது. எக்ஸிட்டானின் நிறையோ எலக்ட்ரானின் நிறையோடு ஒப்பிடத் தக்கது. ஆகவே சில கெல்வினே போதும் என்பது கணக்கு. நீர்ம ஹீலியம் இருக்கும் எந்த ஆய்வகத்திலும் செய்துவிடலாம் என்ற இந்த நம்பிக்கையில்தான் எல்லாம் தொடங்கியது.

குப்ரஸ் ஆக்சைடு என்பது அரிய பொருள் ஒன்றுமில்லை. செம்பைச் சூடேற்றி ஆறவிட்டால் மேலே படியும் செந்நிறப் படலத்தில் இருப்பது அதுவே. ஆய்வுகளுக்குப் பயன்பட்ட நல்ல படிகங்கள் பல சுரங்கத்திலிருந்து எடுத்த இயற்கைக் கற்கள். 2014-இல் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரத்து ஆய்வாளர்கள் 25-ஆம் நிலை வரை விரிந்த, இரண்டு மைக்ரோமீட்டருக்கு மேல் அகலமான எக்ஸிட்டானைக் கண்டது நமீபியாவின் சுமெப் சுரங்கத்துக் கல்லில்தான். ஆய்வகத்தில் வளர்த்த படிகத்தைவிட மண்ணுக்குள் கிடந்த கல் தூயதாக இருப்பதில் எனக்கு எப்போதும் ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு.

இந்தப் படிகத்தின் எக்ஸிட்டான், பிற குறைக்கடத்திகளில் இருப்பதைவிட மிகச் சிறியது, மிக இறுக்கமானது. பிணைப்பு ஆற்றல் ஏறத்தாழ 150 மில்லி எலக்ட்ரான்வோல்ட். ஆரம் ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. நெருக்கி அடைத்தாலும் ஒன்றோடொன்று கலந்து எலக்ட்ரான்–துளைக் குழம்பாகிவிடாது. இதில் இரண்டு வகை உண்டு. ஆர்த்தோ எக்ஸிட்டான் ஆற்றலில் 12 மில்லி எலக்ட்ரான்வோல்ட் மேலே இருப்பது, பலவீனமாகவேனும் ஒளிர்வது. பாரா எக்ஸிட்டான் கீழே இருப்பது. நேரடியாக ஒளியை உமிழ அதற்குத் தடை உண்டு, அதனால் மைக்ரோ நொடிக் கணக்கில் உயிர்வாழும். குளிர்ந்து ஒடுங்குவதற்கு அவகாசம் தேவை என்பதால் பாராவே தகுந்தது. ஆனால் எது நெடுங்காலம் வாழ்கிறதோ அது ஒளிர்வதில்லை. எது ஒளிர்கிறதோ அது நிலைப்பதில்லை. காண வேண்டியது இருளிலும் காணக்கூடியது வேறிடத்திலும் இருந்ததுதான் இந்த விவாதத்தின் பாதிச் சிக்கல்.

அளந்த முறையைச் சற்று விளக்க வேண்டும். ஆர்த்தோ எக்ஸிட்டான் மறையும்போது, ஒரு ஒளித்துகளையும் படிக அதிர்வின் ஒரு ஃபோனானையும் சேர்த்து உமிழ்கிறது. உந்தத்தை ஃபோனான் எடுத்துக்கொள்வதால், எந்த வேகத்தில் செல்லும் எக்ஸிட்டானும் இந்த வழியில் ஒளிர முடியும். ஆகவே வெளிவரும் ஒளியின் நிறமாலை, எக்ஸிட்டான்களின் இயக்க ஆற்றல் எவ்வாறு பரவியிருக்கிறது என்பதை அப்படியே வரைந்து காட்டுகிறது. அடர்த்தி குறைவாக இருந்தால் அது சாதாரண வாயுவுக்குரிய மேக்ஸ்வெல்–போல்ட்ஸ்மான் வடிவம். அடர்த்தி கூடும்போது குறைந்த ஆற்றல் பக்கம் கூராகி, போஸ்–ஐன்ஸ்டைன் வடிவம் ஆகிறது. 1980-இல் பாரிஸில் யூலான், மிசிரோவிச், பெனுவா ஆ லா கியோம் ஆகியோர் இந்த வடிவ மாற்றத்தைக் கண்டு, போஸ் புள்ளியியலுக்குச் சான்று என்று அறிவித்தார்கள். அந்த வளைகோட்டுக்குச் சூத்திரத்தைப் பொருத்தினால் இரண்டு எண்கள் கிடைக்கும்: வெப்பநிலை, வேதி அழுத்தம் (ஒரு துகளைக் கூடுதலாகச் சேர்த்தால் ஆற்றல் எவ்வளவு மாறும் என்பது). இந்த இரண்டும் தெரிந்தால் அடர்த்தியைச் சூத்திரமே சொல்லிவிடும். ஒரு துகளைக்கூட எண்ண வேண்டியதில்லை.

இதில் மறைந்திருக்கும் ஆபத்து எனக்குப் புரிந்தது படித்ததால் அல்ல, பட்டதால். முதுகலை ஆய்வகத்தில் ஹாலஜன் விளக்கின் நிறமாலையைப் பதிவுசெய்து, அதற்குப் பிளாங்க் வளைகோட்டைப் பொருத்தி, விளக்கின் இழை எவ்வளவு சூடு என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் அருமையாகப் பொருத்தினேன். அளவீடுகளும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, இடையில் மயிரிழை இடைவெளியும் இல்லாமல் இருந்தன. விடை 3,900 கெல்வின். பெருமையாக எடுத்துச் சென்று காட்டினேன். எங்கள் ஆசிரியர் தாளை ஒரு முறை பார்த்தார், மேசையில் எரிந்துகொண்டிருந்த விளக்கை ஒரு முறை பார்த்தார். "டங்ஸ்டன் எத்தனை டிகிரியில் உருகும், தம்பி?" என்று கேட்டார். 3,695 கெல்வின். என் கணக்கின்படி அந்த இழை ஏற்கெனவே உருகி வழிந்திருக்க வேண்டும். டிடெக்டரின் உணர்திறன் அலைநீளத்துக்கு அலைநீளம் மாறுவதை நான் திருத்தவே இல்லை. அந்தப் பிழை முழுவதையும் வளைகோடு தன் வெப்பநிலைக்குள் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டது. வடிவம் பொருந்தியது, விடை தவறு. அன்றிலிருந்து, அழகாகப் பொருந்திய வளைகோட்டைக் கண்டால் எனக்கு முதலில் அந்த விளக்குதான் நினைவுக்கு வரும்.

குப்ரஸ் ஆக்சைடில் சிக்கல் இதைவிட நுட்பமானது. லேசர் விழும் மேற்பரப்பில் அடர்த்தியும் சூடும் அதிகம். உள்ளே செல்லச்செல்லக் குறைவு. நொடியின் கோடியில் ஒரு பங்குக்குள் எல்லாம் மாறிவிடுகிறது. இப்படி இடத்துக்கு இடமும் கணத்துக்குக் கணமும் வெப்பநிலை வேறுபடும் ஒரு சாதாரண வாயுவின் ஒளியைச் சேர்த்துப் பார்த்தால், குளிர்ந்த பகுதியிலிருந்து ஒரு கூர்முனையும் சூடான பகுதியிலிருந்து ஒரு நீண்ட வாலும் வரும். கூர்முனையும் வாலும் சேர்ந்த அந்த வடிவம் போஸ்–ஐன்ஸ்டைன் வளைகோட்டைப்போலவே தோற்றமளிக்கும். பொருத்துபவர் எதைத் தேடிக்கொண்டிருக்கிறாரோ அது கிடைத்துவிடும்.

1993-இல் நம்பிக்கை உச்சத்தைத் தொட்டது. இல்லினாயின் அர்பானா–ஷாம்பெயினில் லின், உல்ஃப் இருவரும் அழுத்தம் கொடுத்த படிகத்தில் பாரா எக்ஸிட்டான்களை ஒளிரச் செய்து, புள்ளிகள் இந்த முறை கோட்டைக் கடந்துவிட்டன என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு ஒட்டாவாவில் ஃபோர்டென், ஃபஃபார் இருவரும் மிசிரோவிச்சோடு சேர்ந்து வேறொரு வழியில் முயன்றார்கள். படிகத்தின் ஒரு முகத்தில் லேசர் துடிப்பை அடித்து, சில மில்லிமீட்டர் தள்ளி மறுமுகத்தில் எக்ஸிட்டான்கள் வந்து சேர்வதை மின்னோட்டமாகப் பதிவுசெய்தார்கள். வெப்பநிலை குறைந்து ஒளிச்செறிவு கூடியபோது, பரவிக் கலைந்து வரவேண்டிய கூட்டம் கலையாத ஒரே பொட்டலமாக வந்து சேர்ந்தது. இது உராய்வே இல்லாமல் பாயும் மீப்பாய்மமோ என்று தலைப்பிலேயே கேள்விக்குறியோடு கேட்டார்கள். அந்தக் கேள்விக்குறிக்காகவே அவர்களை எனக்குப் பிடிக்கும். மறுப்பு மாஸ்கோவிலிருந்து வந்தது. லேசர் ஒளி மேற்பரப்பில் உறிஞ்சப்படும்போது ஃபோனான்கள் பெருவாரியாகப் பிறந்து படிகத்தின் ஊடே ஓடுகின்றன. அந்த ஃபோனான் காற்று எக்ஸிட்டான்களைத் தள்ளிக்கொண்டு போகிறது என்று திகோதேயெவும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். பொட்டலம் நகர்ந்த வேகம் படிகத்தில் ஒலியின் வேகத்தை ஒட்டியிருந்தது. ஃபோனான்களின் வேகமும் அதுவே. மீப்பாய்மம் இல்லாமலே எல்லாவற்றையும் விளக்கிவிட முடிந்தது.

உல்ஃபின் ஆய்வகம் அடுத்துச் செய்ததுதான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் மையம். அவர்கள் எண்ணத் தொடங்கினார்கள். டிடெக்டருக்கு வந்துசேரும் ஒளித்துகள்கள் எத்தனை, படிகத்திலிருந்து கிளம்பும் ஒளியில் லென்ஸ் எத்தனை பங்கைப் பிடிக்கிறது, வழியில் உள்ள ஒவ்வொரு கண்ணாடியும் எவ்வளவு தின்கிறது, டிடெக்டரின் திறன் என்ன என்று ஒவ்வொன்றையும் தனியே அளந்து, படிகத்துக்குள் உண்மையில் எத்தனை எக்ஸிட்டான்கள் இருக்கின்றன என்று பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். இதில் வளைகோட்டின் வடிவத்துக்கு எந்த வேலையும் இல்லை. ஓஹாராவும் ஓ சூலவானும் உல்ஃபும் 1999-இல் வெளியிட்ட முடிவு, ஒடுக்கத்துக்குத் தேவையான அடர்த்தியைவிட உண்மையான அடர்த்தி மிகமிகக் குறைவு என்பது. கோட்டை ஒட்டி நகர்ந்த புள்ளிகள், கோட்டைக் கடந்த புள்ளிகள் எல்லாமே வெகு கீழே இறங்கிவிட்டன. தன்னுடைய பத்தாண்டு உழைப்பின் முடிவைத் தன் ஆய்வகத்திலேயே அளந்து கவிழ்த்த மனிதரைப் பற்றிப் பெரிதாக யாரும் எழுதுவதில்லை. அறிவித்தவரைப் பற்றித்தான் எழுதுவார்கள்.

உண்டாக்கிய எக்ஸிட்டான்கள் எங்கே போயின? என் குறிப்பேட்டில் இதற்கும் ஒரு தோராயக் கணக்கு உண்டு. 2 கெல்வினில் ஒடுக்கத்துக்கு ஒரு கன சென்டிமீட்டரில் ஏறத்தாழ 7×10¹⁶ பாரா எக்ஸிட்டான்கள் தேவை. ஒரு மைக்ரோஜூல் பச்சை லேசர் துடிப்பில் இரண்டரை லட்சம் கோடி ஒளித்துகள்கள் இருக்கும். நூறு மைக்ரோமீட்டர் சதுரத்தில், பத்து மைக்ரோமீட்டர் ஆழத்துக்கு அவை உறிஞ்சப்பட்டு, ஒன்றுக்கு ஒன்றாக எக்ஸிட்டான் ஆனால், அடர்த்தி தேவையைவிட முன்னூறு மடங்குக்கும் மேல். இவ்வளவு தாராளமாக இருப்பதால்தான் ஆரம்பத்தில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் இரண்டு எக்ஸிட்டான்கள் மோதும்போது ஒன்று மறைந்து, தன்னிடமிருந்த சுமார் 2 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலை மற்றதற்குக் கொடுத்து அதைப் பிளந்துவிடும். ஓஷே மறைவு என்று இதற்குப் பெயர். இதன் வீதம் அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது. வீத மாறிலி நானோநொடிக்கு 10⁻¹⁶ கன சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒடுக்கத்துக்கு வேண்டிய அடர்த்தியில் எக்ஸிட்டானின் ஆயுள் நானோநொடியில் ஏழில் ஒரு பங்கு. மைக்ரோநொடிக் கணக்கில் வாழ்ந்த பாரா, கூட்டத்தில் சேர்ந்தவுடன் அற்பாயுசாகிவிடுகிறது. அதோடு, ஒவ்வொரு மறைவும் கக்கும் 2 எலக்ட்ரான்வோல்ட், 2 கெல்வின் வாயுவில் ஒரு துகளின் வெப்ப ஆற்றலைப்போல் பத்தாயிரம் மடங்குக்கு மேல். கூட்டத்தை நெருக்கினால் தானே சூடேறும், சூடேறினால் கோடு மேலே நகரும். புள்ளிகள் கோட்டை ஒட்டி நகர்ந்ததுபோல் தோன்றியதன் காரணம் இந்தச் சூடேற்றத்தில்தான் இருந்தது; தெவிட்டலில் இல்லை.

இதோடு விவாதம் முடிந்துவிடவில்லை. கோட்பாட்டின்படி இந்தப் படிகத்தில் ஓஷே மறைவு மிகப் பலவீனமாக இருக்க வேண்டும் என்று கவூலாகிஸும் கார்டன் பேமும் 1996-இல் கணக்கிட்டிருந்தார்கள்; அளந்த எண்ணோ அதைவிடப் பல மடங்கு பெரியது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் அந்த மாறிலி வேறுபட்டது. இரண்டு எக்ஸிட்டான்கள் முதலில் மூலக்கூறுபோல் இணைந்து பிறகு மறைகின்றனவோ என்று உல்ஃபும் ஜாங்கும் பின்னர் ஒரு விளக்கம் சொன்னார்கள். எனக்கு அது ஏற்புடையதாகப்படுகிறது, ஆனால் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை.

இதற்கிடையில் பிற பொருள்களில் அலை அடித்தது. 2002-இல் காலியம் ஆர்சனைடு இரட்டைக் குவாண்டம் கிணறுகளில் (எலக்ட்ரானையும் துளையையும் அடுத்தடுத்த இரு மெல்லிய அடுக்குகளில் பிரித்து அடைத்துவைக்கும் அமைப்பில்), லேசர் புள்ளியிலிருந்து வெகு தொலைவில் ஒளிவளையம் ஒன்று தோன்றுவதைப் புடோவின் குழுவும் ஸ்னோக்கின் குழுவும் ஒரே இதழில் அடுத்தடுத்து வெளியிட்டன. 2004-இல் இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே விளக்கத்துக்கு வந்து சேர்ந்தன: உள்ளே துளைகள் மிகுந்த பகுதி, வெளியே எலக்ட்ரான்கள் மிகுந்த பகுதி, இரண்டும் சந்திக்கும் எல்லையில் ஒளிவளையம். வளையத்துக்கு ஒடுக்கம் தேவையில்லை. கடுங்குளிரில் அந்த வளையம் மணிமாலைபோல் சமதூரத் துண்டுகளாகப் பிரிவது மட்டும் எளிதில் அடங்காத புதிராகத் தொடர்ந்தது. 2012-இல் புடோவின் குழு குறுக்கீட்டு முறையில் ஒத்திசைவை, அதாவது எக்ஸிட்டான்கள் ஒரே அலைபோல் நடந்துகொள்வதை, காட்டியது. ஆனால் எந்த லென்ஸும் தன் பகுதிறன் எல்லைக்குள் பொய்யான ஒத்திசைவை உண்டாக்கும் என்பதால் அங்கும் எண்களைப் பற்றிய தகராறு. நுண்குழிகளில் எக்ஸிட்டான் ஒளியோடு கலந்து உண்டாகும் பொலாரிட்டான்கள் 2006-இல் ஒடுங்கிக் காட்டின. அவை பாதி ஒளி என்பதால் அதை எக்ஸிட்டான் ஒடுக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இரட்டை எலக்ட்ரான் அடுக்குகளில், வலுவான காந்தப்புலத்தில் ஐசன்ஸ்டைன் குழு கண்டது எனக்கு மிக நம்பகமானதாகப்படுகிறது. அங்கே ஒளியே இல்லை, மின்னோட்டத்தை அளந்தால் போதும்.

திரும்பக் குப்ரஸ் ஆக்சைடுக்கு வருவோம். டோக்கியோவில் குவாட்டா–கோனோகாமி, யோஷியோகா குழுவினர் உல்ஃப் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். ஒளிர்வை நம்பாமல் உறிஞ்சலைக் கொண்டு எண்ணுவது அவர்கள் வழி. பாரா எக்ஸிட்டான் ஒளிராவிட்டாலும், ஹைட்ரஜன் அணுவைப்போல் 1s என்ற கீழ்நிலையிலிருந்து 2p என்ற மேல்நிலைக்குத் தாவ அதனால் முடியும். அதற்கு வேண்டியது 10 மைக்ரோமீட்டரை ஒட்டிய அலைநீளத்து அகச்சிவப்பு ஒளி. அந்த ஒளியில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்தால் இருளில் இருக்கும் பாராவின் எண்ணிக்கை நேரடியாகத் தெரியும். மோதி மறையும் வீதம் அவர்களுடைய அளவீட்டிலும் பெரிதாகவே வந்தது. ஆகவே 2 கெல்வினில் முயல்வது வீண்; கோட்டை எட்ட அடர்த்தியைக் கூட்டுவதை விட்டுவிட்டு, கோடு தாழ்ந்திருக்கும் கடுங்குளிருக்குப் போக வேண்டும் என்று முடிவுசெய்தார்கள். ஒரு முனையால் படிகத்தை அழுத்தி உண்டாக்கிய குழியில் பாராக்களைத் திரட்டி, ஹீலியம்-3 குளிர்ப்பானைக் கொண்டு 0.8 கெல்வினில் 2011-இல் அவர்கள் கண்டது விசித்திரமானது: எண்ணிக்கை ஓர் எல்லையைத் தாண்டியதும் உயர் ஆற்றல் துகள்கள் திடீரென வெடித்துக் கிளம்பின. ஒடுங்கியவுடன் நடுவில் அடர்த்தி எகிறி, அங்கே மோதல் மறைவு தாறுமாறாகி, ஒடுக்கம் தன்னைத் தானே எரித்துக்கொள்கிறது என்று விளக்கினார்கள். ஒடுக்கம் நிகழ்ந்ததற்கு அது அழிந்த தடயமே சான்று என்பது அன்று பலரைத் திருப்திப்படுத்தவில்லை, என்னையும்தான்.

அதனால் அவர்கள், ஹீலியத்தின் இரு வகைகளைக் கலந்து மில்லிகெல்வின் வரை குளிர்விக்கும் நீர்ப்புக் குளிர்ப்பானுக்குள் அகச்சிவப்புப் படமெடுக்கும் ஏற்பாட்டையே கொண்டுபோய் வைத்தார்கள். இதன் சிரமம் சொல்லில் அடங்காது: மில்லிகெல்வினில் வைத்திருக்க வேண்டிய படிகத்துக்கு ஒளிபுகும் சன்னல் திறந்தால், அறையின் வெப்பக் கதிர்வீச்சும் அதே சன்னல் வழியாக, ஏறத்தாழ அதே 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் உள்ளே வரும். 2022-இல் மொரிட்டா, யோஷியோகா, குவாட்டா–கோனோகாமி வெளியிட்ட கட்டுரையில், 400 மில்லிகெல்வினுக்குக் கீழே எக்ஸிட்டான் மேகத்தின் நடுவில் ஒடுக்கம் உருவாவது உறிஞ்சல் படமாகவே பதிவாகியிருக்கிறது. அணு ஒடுக்கங்களின் புகழ்பெற்ற படங்களோடு ஒப்பிட்டால் இது மங்கலானது, மலையுச்சிபோல் எழும் கூம்பு எதுவும் இல்லை. மேகத்தில் மிகச் சிறு பங்கு மட்டுமே ஒடுங்கியிருக்கிறது. மோதாத இலட்சிய வாயுவுக்கு எதிர்பார்க்கும் பங்கைவிட இது வெகுவாகக் குறைவு. ஏன் இவ்வளவு குறைவு, ஒடுங்கிய பகுதியை மறைவு தொடர்ந்து அரித்துக்கொண்டிருக்கிறதா, எக்ஸிட்டான்களுக்கு இடையிலான விலக்கு விசை மேகத்தின் வடிவத்தை மாற்றுகிறதா என்பவைதான் இப்போது விவாதத்தில் இருக்கும் கேள்விகள்.

அந்தக் கட்டுரையைப் படித்த அன்று குறிப்பேட்டை எடுத்து, டோக்கியோவின் புள்ளியை என் வரைபடத்தில் குறிக்கப் பார்த்தேன். 0.4 கெல்வினில் கோட்டின் உயரம், 2 கெல்வினில் இருப்பதில் பதினொன்றில் ஒரு பங்குதான். ஆனால் என் கிடை அச்சு 1 கெல்வினில் தொடங்குகிறது. அதற்குக் கீழே யாரும் போவார்கள் என்று மாணவனாக இருந்த நாளில் எனக்குத் தோன்றவில்லை. வேறொரு மடக்கைத் தாளை வெட்டி இடது ஓரத்தில் பசைபோட்டு ஒட்டி, கோட்டைக் கீழ்நோக்கி நீட்டி, அங்கேதான் அந்தப் புள்ளியை வைத்தேன்.